கொடைக்கானலில் குட்டை முழுக்க ஆகாயத்தாமரை, அடியில் வேறொரு பாசி: மருந்தா, மீனா, ஜேசிபியா?

ஏரிச்சாலைவாசி:

வணக்கம். கொடைக்கானலில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு பழைய குட்டை இருக்கிறது. பெரிய ஏரிக்குப் போய்ச் சேரும் ஓடையை அந்தக் காலத்தில் மறித்துக் கட்டியது, அரை ஏக்கர் தேறும், கல் மதகு இன்னும் உறுதியாகவே நிற்கிறது. முன்பு தண்ணீர் தெரியும், நீர்க்கோழி வரும். இப்போது மேலே முக்கால்வாசி ஆகாயத்தாமரை, அது இல்லாத இடத்தில் தண்ணீருக்கடியில் அடர் பச்சையில் வால் வாலாக ஏதோ ஒரு பாசி. மே மாத சீசனில் நாற்றம் தாங்க முடியவில்லை. குட்டைக்கு மேலே சரிவில் நாலைந்து விடுதிகள், அதற்கும் மேலே கொஞ்சம் காய்கறித் தோட்டம்.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இதற்காகத் தினமும் சண்டை. ஒருவர் களைக்கொல்லி அடித்தால் பத்து நாளில் கருகிவிடும் என்கிறார், இன்னொருவர் புல்கெண்டை மீன் வாங்கி விடச் சொல்கிறார், மூன்றாமவர் ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்து எறியலாம் என்று விலை வரை விசாரித்துவிட்டார். இதில் எனக்கு எதிலும் அனுபவம் இல்லை. போன வருடம் நகராட்சியிலிருந்து வந்து அள்ளிப் போட்டார்கள், அடுத்த மழைக்கே பழையபடி ஆகிவிட்டது. மலையில் இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கையில் பணம் அதிகமில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வேலை செய்ய ஆள் இருக்கிறது.

உதகைக்காரன்:

நாங்கள் ஊட்டியில் இதைத்தான் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உண்டாக்கிய ஏரி, பின்னாளில் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்த இடத்தில்கூட அன்றைக்குத் தண்ணீர் நின்றது. மிச்சமிருக்கும் ஏரியில் கோடப்பமந்து கால்வாய் ஊர்க்கழிவைக் கொண்டுவந்து விடுகிறது. வாய்க்கால் விழும் முனையில் ஆகாயத்தாமரை கட்டிக்கொள்ளும், அள்ளுவார்கள், மறுபடி கட்டும். சோறு போடுகிற கை அங்கேயே இருக்கும்போது செடி எங்கே போகும்?

சரி, வேலைக்கு வருவோம். ஆகாயத்தாமரைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் கொண்டாட்டம். நம் மலைக்குளிரில் அது சுணங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் கருத்துத் தொங்கும், பார்த்ததும் செத்துவிட்டது என்று தோன்றும், ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் குருத்து சாகாது, வெயில் வந்ததும் துளிர்க்கும். அந்தச் சோர்ந்த காலத்தில், பிப்ரவரிக்குள், அள்ளினால் பாதி உழைப்பு மிச்சம். ஏப்ரலில் கோடை மழை தொடங்கிவிட்டால் அள்ள அள்ள வரும்.

அள்ளும்போது கரையிலேயே குவிக்காதீர்கள். எல்லா ஊரிலும் செய்கிற வேலை இதுதான், லாரி வாடகை மிச்சம் என்று. செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கரையில் கிடந்து அழுகினால் அந்தச் சாறு, அதிலுள்ள சத்தோடு, சரிவில் இறங்கி மறுபடி குட்டைக்கே போகும். ஒரு நாள் மட்டும் வடியவிட்டு, எடை குறைந்ததும், தண்ணீர் திரும்பி வராத இடத்துக்குத் தூக்குங்கள்.

இன்னொன்று, விதை. சேற்றில் 15, 20 வருடம் உறங்கும். ஒருமுறை முழுசாக எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வருடம் மாதம் ஒருமுறை சுற்றி வந்து சின்னக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டும், அதற்கு ரெண்டு பேர் போதும். ஓடை குட்டைக்குள் நுழையும் வாயில் மூங்கிலைக் கட்டி மிதக்கவிட்டு, அடியில் ஒரு முழம் வலை தொங்கவிடுங்கள். மேலிருந்து மிதந்து வருவது அங்கேயே நிற்கும், குப்பையும் சேர்ந்து நிற்கும்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் வாளி கரையைக் கிழிக்கும், கோரையும் நாணலும் போய்விட்டால் மண் சரிந்து உள்ளே விழும்.

பரிசோதனைக்கூடத்துச் சித்தப்பா:

நான் தண்ணீர் பரிசோதனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், பழனிப் பக்கம் இருக்கிறேன். தம்பி, உங்கள் மூன்று கட்சிகளில் களைக்கொல்லிக் கட்சியை முதலில் உட்கார வையுங்கள். முக்கால் குட்டை செடி ஒரே நேரத்தில் கருகினால் அத்தனையும் அடியில் போய் அழுகும். அழுகுவதற்கு உயிர்வளி (ஆக்ஸிஜன்) வேண்டும், அதைத் தண்ணீரிலிருந்துதான் எடுக்கும், மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். சமவெளியைவிட மலையில் இந்த ஆபத்து கூடுதல். கடல்மட்டத்தில் 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி பிடிக்கும், கொடைக்கானல் உயரமான 2,100 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால் அதே வெப்பத்தில் 7 தான் பிடிக்கும். கையிருப்பே குறைவு. செத்த செடி விட்ட சத்தைத் தின்று அடுத்தபடியாக வருவது பச்சைச் சாயம் ஊற்றினது போன்ற நுண்பாசி, அதில் நீலப்பச்சைப் பாசி வந்தால் நஞ்சும் உண்டு, நாய் குடித்தாலே ஆகாது. சட்டப்படியும் சிக்கல்: கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் குட்டைத் தண்ணீர் போய்ச் சேருவது பெரிய ஏரி, அங்கிருந்து வழிவது வெள்ளி அருவி.

புல்கெண்டை ஆகாயத்தாமரையை விரும்பித் தின்னாது, அடியில் இருக்கும் மெல்லிய பாசியைத் தின்னும். அதுவும் குளிர்ந்த தண்ணீரில் மந்தமாகிவிடும். தின்றதில் பெரும்பகுதி எச்சமாகத் தண்ணீருக்கே திரும்பும். மழையில் மதகு வழிந்தால் மீன் ஏரிக்குப் போய்விடும், அப்புறம் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கு, இதை உங்கள் குழுவில் அப்படியே போடுங்கள். ஒரு டன் பச்சை ஆகாயத்தாமரையைக் காயவைத்தால் தோராயமாக 50 கிலோ மிஞ்சும். அதில் செடிக்குத் தீனியான பாஸ்பரஸ் 0.4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 200 கிராம். மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு மலத்திலும் சிறுநீரிலும் ஒன்று முதல் ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேற்றுகிறான். ஆக, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் இடுப்பளவு சேற்றில் நின்று அள்ளிய ஒரு டன்னில் இருப்பது சுமார் 130 முதல் 200 பேர் ஒரே நாளில் கழிக்கிற அளவு. சீசனில் உங்கள் மேல்சரிவு விடுதிகளில் எத்தனை பேர் தங்குகிறார்கள்? துணி துவைக்கும் தூளில் உள்ள பாஸ்பேட்டை நான் சேர்க்கவே இல்லை.

அள்ளாதீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அள்ளுவதுதான் தண்ணீரிலிருந்து சத்தை வெளியே எடுக்கும் வழி. மேலே குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே அள்ளிக்கொண்டிருந்தால் நகராட்சிக்கு ஆன கதிதான் உங்களுக்கும்.

தண்ணீரைச் சோதிக்கும்போது விடியற்காலை ஆறு மணிக்கு எடுங்கள். மதியம் எடுத்தால் பாசி வெயிலில் உயிர்வளி விட்டுக்கொண்டிருக்கும், அளவு பிரமாதமாகக் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் உயிர்வளி 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி (தண்ணீரில் உள்ள கழிவை மக்கவைக்க நுண்ணுயிர் எடுத்துக்கொள்ளும் உயிர்வளி) 3-க்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. குட்டையின் நடுவில் ஒரு பாட்டிலும் ஓடை நுழையும் இடத்தில் ஒரு பாட்டிலும் தனித்தனியாக எடுங்கள், விடுதிகளுக்கு மேலே ஓடையில் மூன்றாவது. எங்கே எகிறுகிறது என்று தெரிந்துவிட்டால் சண்டையில் பாதி முடிந்தது.

அப்புறம், அடியில் இருக்கிற பாசியின் தண்டை ஒன்று எடுத்து ஒரு கணுவில் எத்தனை இலை, இலையோரம் சொரசொரப்பா வழவழப்பா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏரிச்சாலைவாசி:

சித்தப்பா, கணக்கைப் போட்டதும் குழுவில் ஒரு மணி நேரம் யாருமே பேசவில்லை, ரொம்ப நன்றி. பாசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு கணுவில் நாலு இலை, சில இடத்தில் ஐந்து. இலை ரெண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், விரலால் இழுத்தால் வழவழவென்று இருக்கிறது. நுனியில் இலை நெருக்கமாகக் கூடி நிற்கிறது. வேரோடு வந்த சேற்றைக் கரைத்துப் பார்த்தேன், கிழங்கு மாதிரி எதுவும் இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் தண்ணீருக்கு மேலே மூன்று இதழில் சின்ன வெள்ளைப் பூ. மீன் தொட்டியில் போடுவார்களே, அது போலவே இருக்கிறது.

பரிசோதனைக்கூடத்துச் சித்தப்பா:

மீன் தொட்டியிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் எஜீரியாவுக்குப் பொருந்துகிறது, தென் அமெரிக்கச் செடி. நம் ஊர் வேலம்பாசி (ஹைட்ரில்லா) என்றால் இலை இன்னும் சின்னது, ஓரம் அரம் போல விரலில் படும், சேற்றில் பட்டாணி அளவு கிழங்கு இருக்கும். தாவரவியல் தெரிந்த யாரிடமாவது ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் வைத்தியம் மாறும்.

எஜீரியாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், அதனால்தான் மலையில் இப்படி மதர்த்து நிற்கிறது. இந்தச் செடி தன் சொந்த நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் ஆண் செடியாகவே இருக்கிறது, விதை கிடையாது, ஒடிந்த தண்டுத் துண்டுதான் அதன் ஒரே வழி. இது நல்லதும் கெட்டதும். வாரிக்கொண்டு இழுத்தால் நூறு துண்டாகும், ஒவ்வொன்றும் போய் வேர்விடும், மதகு வழியே பெரிய ஏரிக்கும் போகும். ஆனால் விதையும் கிழங்கும் இல்லாததால், ஒருமுறை முழுசாகக் காய்ந்தால் திரும்ப வர அதற்கு வேறு வழி கிடையாது.

உங்களிடம்தான் மதகு இருக்கிறதே! பிப்ரவரி, மார்ச்சில் ஓடையில் வரத்து குறைந்திருக்கும்போது ஓடையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, குட்டையை மெதுவாக வடியுங்கள். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக, பல நாள் எடுத்து. அடித்தண்ணீர் கருப்பாக நாறும், அதை ஒரேயடியாக ஏரிக்குள் விட்டால் அங்கே மீன் சாகும். மதகு வாயில் நெருக்கமான வலை ரெண்டு அடுக்காகக் கட்டி, துண்டு எதுவும் தப்பாமல் தினமும் வழிக்க வேண்டும். வடிந்ததும் மீனையும் நண்டையும் எடுத்துக் காப்பாற்றிவிட்டு, பாசி மொரமொரவென்று ஆகும்வரை காயவிடுங்கள். குழியில் தண்ணீர் தேங்கினால் அங்கே பிழைத்துக்கொள்ளும், அந்த இடத்தில் சணல் சாக்கை விரித்துக் கல் வைத்து மூடலாம். அயர்லாந்தில் கோரிப் ஏரியில் இதே குடும்பத்துச் செடி ஒன்றை இப்படிச் சணல் விரிப்பால் மூடித்தான் அடக்கினார்கள்.

காய்ந்த பிறகு மேல்சேற்றை ஓரடியாவது வழித்தெடுக்க முடிந்தால் பெரிய லாபம். பல வருடத்துப் பாஸ்பரஸ் அங்கேதான் குடியிருக்கிறது. மேலே சாக்கடையை நிறுத்தின பிறகும், அடித்தண்ணீரில் உயிர்வளி தீரும்போதெல்லாம் சேறு அதைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

கேத்தித் தோட்டம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் கேரட் போடுகிறவன், நீலகிரி. சேறு, களை என்றதும் உரமாக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள், அதற்குத்தான் வந்தேன். ஆகாயத்தாமரையைச் சாணத்தோடு அடுக்கி மக்கவைத்தால் நல்ல உரம்தான், பூக்கும் முன்னால் எடுத்ததாக இருந்தால் விதைப் பயமும் இல்லை. ஆனால் இந்தச் செடி தண்ணீரில் உள்ள கன உலோகத்தையும் சேர்த்து உறிஞ்சும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது, ஏரி வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. உங்கள் குட்டை அந்தச் சரிவில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் சேற்றையும் உரத்தையும் பாதரசத்துக்கு ஒருமுறை சோதித்துவிட்டு, அதுவரை பூச்செடிக்கும் மரத்துக்கும் மட்டும் போடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

தோட்டக்காரர்களையும் விடாதீர்கள். எங்கள் பக்கம் கேரட் கழுவும் இயந்திரங்களை ஓடையோரம் வைத்துக் கழுவுகிறார்கள், மண்ணும் உரமும் அப்படியே ஓடையில். சரிவுக்கு நேர்கீழாகப் பாத்தி ஓட்டினால் ஒரு மழைக்கு மேல்மண் இறங்கிவிடும். உங்கள் மேல்தோட்டக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், ஓடைக்கரையில் ரெண்டு மீட்டர் புல்லும் கோரையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். வெட்டிவேர் வரிசை ஒன்று வைத்தால் மண் நிற்கும். உரம் வீணாவது அவருக்கும் நஷ்டம்தானே.

சரிவு விடுதி:

எல்லாரும் விடுதியைத் திட்டுகிறீர்கள், நான் விடுதி நடத்துபவன் (உங்கள் குட்டைக்கு மேலே அல்ல, ஆனால் கொடைக்கானல்தான்). பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு வரவில்லை. பாறைமேல் கட்டின கட்டடத்தில் உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது, பக்கத்து வீட்டுச் சுவரில் கசியும். கழிவுநீர் லாரிக்குச் சொன்னால் சீசனில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். வந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று யாராவது கேட்டீர்களா? எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஏதோ ஒரு பள்ளத்தில் திறந்துவிட்டால் அதுவும் எங்கள் கணக்கில்தான் வரும்.

உதகைக்காரன்:

அண்ணே, நியாயம்தான், லாரி விஷயம் எங்கள் ஊரிலும் இதே. ஆனால் கழிப்பறைத் தண்ணீர் மட்டும்தானே செப்டிக் டேங்குக்குப் போகிறது, சமையலறையும் துணி துவைக்கிற தண்ணீரும் பல விடுதிகளில் நேராக ஓடைக்குத்தானே குழாய் போட்டிருக்கிறது? அதற்குப் பாதாளச் சாக்கடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரிவு விடுதி:

அது உண்மை, மறுக்கவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் குழாய்க்குக் கிரீஸ் டிராப், அதாவது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, வைத்தேன். அதை வாரம் ஒருமுறை வழிக்கவில்லை என்றால் வைத்ததே வீண், அந்த வேலைக்குத் தனியாக ஒரு ஆளுக்குப் பொறுப்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். படுக்கை விரிப்புகளை இங்கே துவைப்பதை நிறுத்திச் சுத்திகரிப்பு வசதி உள்ள சலவைக்கூடத்துக்கு அனுப்புகிறேன், செலவு கொஞ்சம் கூடத்தான். குளியல், பாத்திரத் தண்ணீரைப் பின்பக்கம் ஜல்லித் தொட்டியில் விட்டு மேலே கல்வாழை நட்டிருக்கிறேன். சமவெளியில் ஆளுக்கு ஒன்று ரெண்டு சதுர மீட்டர் போதும் என்பார்கள், இந்தக் குளிரில் நுண்ணுயிர் மெதுவாக வேலை செய்யும், அதைவிட அதிகம் தேவை. எனக்கு இடம் பற்றாமல் சீசனில் நிரம்பி வழிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சம்புக் கோரை நடச் சொன்னார்கள், நடவில்லை, அது ஓடையில் இறங்கினால் இன்னொரு களை.

மனு எழுதுபவர்:

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2017 ஈரநில விதிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குடிநீர், பாசனம், பொழுதுபோக்கு இவற்றுக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் விலக்கிவைத்திருக்கின்றன. கொடைக்கானல் ஏரியே 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் கட்டியது, நம் மலைநகர ஏரிகள் பலவும் இப்படித்தான், அதனால் முதல் வாயிதாவிலேயே "இது ஈரநிலமே இல்லை" என்று எதிர்த்தரப்பு எழுந்துவிடும். எனக்கு இந்த விலக்கு அநியாயமாகத் தெரிகிறது, ஆனால் இருக்கிறது. 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 24-ஆவது பிரிவைப் பிடியுங்கள். ஓடையிலோ கிணற்றிலோ மாசுப் பொருளைத் தெரிந்தே விடக் கூடாது என்கிறது அது, இயற்கையா செயற்கையா என்ற கேள்வி அங்கே எழாது. ஓடையில் மூன்று இடத்தில் எடுத்த பரிசோதனை முடிவு, குழாய் இறங்கும் இடத்தின் படம், இரண்டையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு பிரதி. ஒரே ஒரு விடுதியைக் குறிவைத்து எழுதாதீர்கள், சொந்தப் பகை என்று மூடிவிடுவார்கள். மதகைத் திறப்பதற்கும் நகராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

ஏரிச்சாலைவாசி:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசி ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த வாரம் விடியற்காலையில் மூன்று இடத்தில் தண்ணீர் எடுக்கிறோம், மதகு அனுமதிக்கு மனு போட்டாயிற்று, விடுதிக்காரர்கள் ரெண்டு பேர் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். களைக்கொல்லிக்காரர் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சந்தேகம்: ஆகாயத்தாமரையை இப்போதே எடுத்துவிட்டால் அடியில் இருக்கிற எஜீரியாவுக்கு வெளிச்சம் கிடைத்து இன்னும் கிளம்பாதா?

பரிசோதனைக்கூடத்துச் சித்தப்பா:

கிளம்பும். அதனால் இப்போது முழுக்க எடுக்காதீர்கள். ஓடை வாயிலும் மதகுப் பக்கமும் மட்டும் திறந்துவிட்டு, மீதியை வடிக்கிற வாரத்தில் அள்ளுங்கள், ரெண்டும் ஒரே சமயத்தில் போகட்டும். அதுவரை பூ விடுகிற செடியை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடுங்குங்கள். குட்டையில் இறங்கிய வலை, வாளி, ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் நல்ல வெயிலில் மொரமொரப்பாகக் காயவைக்காமல் யாரும் பெரிய ஏரிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முடிவு வந்ததும் மூன்று பாட்டில் எண்களையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.